சுபாங்கியின் சனிக்கிழமைகள்

ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவனுக்குச் சனிக்கிழமைதான் பிழைப்பு. கிழமை முழுக்க உணவகத்திலும் கடையிலும் நிற்கிற சனம் அன்றைக்குத்தான் பெர்மி, அதாவது ஓட்டுநர் உரிமம், எடுக்கிற எண்ணத்தோடு படியேறி வரும். பாரிஸ் புறநகரிலிருந்து ரயிலேறி கார் து நோர் நிலையத்தில் இறங்கி, எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு, முருங்கைக்காய் நீட்டி நிற்கும் பையோடு உள்ளே வந்து, "அண்ணை, கோட் வகுப்பு எப்ப?" என்று கேட்பார்கள். கோட் என்றால் வீதி விதிகள். அந்த வகுப்பை எடுக்கிற பிள்ளைதான் சனிக்கிழமை தோறும் லீவு கேட்பாள். அவளைத்தான் இத்தனை வருடமாக நான் வேலைக்கு வைத்திருக்கிறேன். என் மனைவி றெஜினாவுக்கு இது இன்றுவரை விளங்கவில்லை. எனக்கும் பல சனிக்கிழமைகளில் விளங்கியதில்லை.

அவள் பெயர் சுபாங்கி. லா கூர்னெவில் இருக்கும் பொன்னம்பலத்தாருக்கும் புனிதவதி அக்காவுக்கும் மூத்த பிள்ளை. நான் கிரிகோரி, மன்னார்க்காரன். விளையாட்டுக்கும் எனக்கும் வெகுதூரம். ஒரு பந்தை இத்தனை பேர் துரத்துவதைப் பார்த்தால் எனக்குக் கொட்டாவிதான் வரும். அப்படிப்பட்ட நான் அவளைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எரிச்சல். லா சப்பலில் அவளைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. பேசுவதில் பாதி பிழை. "றக்பி விளையாடுற பெட்டை" என்கிறார்கள். றக்பி இல்லை. "ஐரிஷ்காரனைக் கலியாணம் முடிக்கப் போறாள்" என்கிறார்கள். அதுவும் இல்லை. தெரியாத விஷயத்தில் எங்கள் ஆட்களுக்கு இருக்கிற உறுதி, தெரிந்த விஷயத்தில் இருந்தால் கோட் பரீட்சையில் இவ்வளவு பேர் பெயிலாக மாட்டார்கள்.

அவள் விளையாடுவது கெய்லிக் கால்பந்து. அயர்லாந்து நாட்டு விளையாட்டு. பெயரில்தான் கால், பந்தைக் கையாலும் பிடிக்கலாம், மடக்கிய கை முட்டியால் குத்தியும் கொடுக்கலாம். பிடித்த பந்தோடு கொஞ்சத் தூரம் ஓடலாம். அதற்குமேல் ஓடுவதென்றால் நிலத்தில் அடித்துப் பிடிக்கவேண்டும், அல்லது கால் நுனியால் தட்டிக் கைக்கு எடுக்கவேண்டும். கோல் கம்பத்தின் குறுக்குத் தடிக்கு மேலால் பந்து போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று. பெண்கள் ஆட்டத்தில் ஆளோடு ஆள் மோதக்கூடாது என்று விதி. விதி விதியாக இருக்கும். திங்கட்கிழமை காலையில் அவள் வேலைக்கு வரும்போது முழங்காலும் முழங்கையும் வேறு கதை சொல்லும்.

சண்டை நின்றிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து தாயோடும் தம்பி சஞ்சீவனோடும் தகப்பனிடம் வந்து சேர்ந்தவள். அப்போது அவள் பள்ளிக்கூட வயது. அங்கே பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் பெயரெடுத்தவள். எதிரணி வட்டத்துக்குள் எறியும் பந்தை எட்டிப் பறிப்பதுதான் அவள் வேலை. இங்கே வந்து பார்த்தால் வலைப்பந்து என்ற சொல்லையே ஒருவருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்தில் போட்டுப் பார்த்தார்கள். "அது வேற, இது வேற" என்று ஒரு மாதத்தில் விட்டுவிட்டாள். பிறகு படித்தாள், வேலைக்கு வந்தாள். எல்லாப் பிள்ளைகளையும்போல அவளும் அத்தோடு விளையாட்டை மறந்திருக்க வேண்டியவள்தான்.

மறக்கவிடாதது ஒரு தலைக்கவசம். என் பள்ளியில் ஸ்கூட்டர் பழக வருகிறவர்களுக்கென்று வாங்கிய தலைக்கவசங்களை அலுமாரிக்கு மேலே அடுக்கி வைத்திருப்பேன். ஒருநாள் நான் அலுமாரிக் கதவைச் சாத்திய சாத்தில் ஒன்று உருண்டு விழுந்தது. அலுமாரிக்குக் கீழே, பக்கத்து மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில் குடியிருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை குனிந்து படிவம் நிரப்பிக்கொண்டிருந்தது. சுபாங்கி இரண்டெட்டில் வந்து எழும்பி, அந்தப் பிள்ளையின் தலைக்கு மேலே வைத்தே தலைக்கவசத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்துவிட்டு அப்படியே நின்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பிள்ளை மன்னிப்பைக் கவனிக்கவில்லை. சுபாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பிள்ளையின் பெயர் ஓர்லா. நான் அவளை இங்கிலீஷ்காரி என்று நினைத்து அப்படியே சொல்லியும்விட்டேன். முகம் சிவந்துபோய், தான் அயர்லாந்து என்றாள். உன்னைச் சிங்களவன் என்று ஒருத்தன் சொன்னால் எப்படி இருக்கும் என்று றெஜினா பிறகு வீட்டில் வைத்து எனக்கு விளங்கப்படுத்தினாள். ஓர்லா அடுத்த வகுப்புக்கு வந்தபோது கோட் படிக்கவில்லை. சுபாங்கியை மைதானத்துக்குக் கூப்பிட்டாள். வன்சென் காட்டுப் பக்கத்தில், றக்பிக்காரர்களிடம் இரவல் வாங்கிய மைதானத்தில், பாரிஸில் வேலை செய்யும் ஐரிஷ் பெண்களும் பிரெஞ்சுப் பெண்களும் சேர்ந்து ஒரு கழகம் வைத்திருந்தார்கள்.

முதல் நாள் நடந்ததை ஓர்லா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். உயர வந்த பந்தை, தன்னைவிட ஒரு சாண் உயர்ந்தவர்களுக்கு மேலால் போய் சுபாங்கி பிடித்தாளாம். கீழே வந்தாளாம். வந்து, ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு மரம்போல நின்றாளாம். எல்லாரும் "ஓடு, ஓடு" என்று கத்த, அவள் ஊன்றிய காலை எடுக்காமல் மற்றக் காலைத் திருப்பித் திருப்பி ஆள் தேடியிருக்கிறாள். அதற்குள் நாலு பேர் வந்து பந்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். வலைப்பந்தில் பந்தோடு ஓடக்கூடாது. ஊன்றிய காலை எடுத்து வைத்தால் விசில். பத்து வயதிலிருந்து பள்ளிக்கூடத்துச் சேர் அடித்து அடித்துப் பழக்கியதை ஒரு பின்னேரத்தில் யார் அழிக்க முடியும்? இப்படிப் பிழை விட உலகத்தில் எங்கள் நாட்டுப் பெட்டைகளால்தான் முடியும். ஒரு மாரிகாலம் முழுக்க அவள் பிடிப்பதும் நிற்பதுமாக இருந்தாள். "என்ரை கால் எனக்குச் சொல்வழி கேக்குதில்லை அண்ணை" என்பாள். இலைதுளிர் காலத்தில் ஒருநாள் கால் சொல்வழி கேட்டது. ஓடினாள். அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை என்று ஓர்லா சொன்னாள். என் சனிக்கிழமைகளும் அத்தோடு போயின.

ஐரோப்பாவில் இந்த ஆட்டம் சனிக்கிழமைகளில்தான். ஒரே நாளில் ஒரு நகரத்தில் எல்லாக் கழகங்களும் கூடி விளையாடி முடித்துவிடும். பிரசெல்ஸ், மூனிச், ஆம்ஸ்டர்டாம், ரென் என்று அவள் பார்த்த ஊர்களை நான் பார்த்ததில்லை. அவளும் அந்த ஊர்களில் மைதானத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. நடுக்களத்தில் நிற்பாள். இரண்டு பக்கத்து கோல் காவலர்களும் உதைக்கும் பந்து வந்து விழுகிற இடம் அது. கழகத்துக்கு இரண்டு தடவை பிரான்ஸ் கிண்ணம் எடுத்துக் கொடுத்தாள். ஒரு தடவை அதில் ஒன்றை எடுத்துவந்து என் மேசையில் வைத்தாள். நான் அதைப் பேனை போட வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கோபத்தில் அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குக்கூட என்னைக் கூப்பிடவில்லை.

எங்கள் சனத்தின் நல்லதும் கெட்டதும் சனி ஞாயிறில்தான் என்பது வில்லங்கம். பிள்ளை பெரியவளானால் சாமத்திய வீடு, பிறந்தநாள், புதுவீட்டுக் குடிபூரல், கலியாணம். இவள் போகாத விழாக்களைச் சேர்த்தால் ஒரு மண்டபம் நிறையும். போன விழாக்களுக்கும் கண்ணுக்குக் கீழே நீலத்தோடு போனாள். பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் அந்த நீலத்தைப் பார்த்துவிட்டு, தேநீரைக் குடித்து முடித்து, பிறகு போனே எடுக்கவில்லை. அவள் அதற்குக் கவலைப்பட்ட மாதிரித் தெரியவில்லை. புனிதவதி அக்கா பட்டார். "அண்ணை, நீங்கள் ஒருக்கால் சனிக்கிழமை லீவு இல்லையெண்டு சொன்னா என்ன?" என்று என்னிடமே வந்து கேட்டார். நான் சொல்லிப் பார்த்தேன். "அப்ப நான் வேற ஓட்டோ எக்கோலுக்குப் போறன்" என்றாள். வேறு ஓட்டுநர் பள்ளிக்குப் போய்விட்டால் அவளைப்போல கோட் படிப்பிக்கிற ஆளை நான் எங்கே தேடுவது? லீவைக் கொடுத்தேன்.

அவளுக்கு ஒரேயொரு ஆசை மிச்சம் இருந்தது. அயர்லாந்தில் ஒருவன் தன் ஊர்க் கழகத்துக்கு விளையாடுவான். அதில் கெட்டிக்காரனைப் பிறகு மாவட்ட அணிக்கு எடுப்பார்கள். மாவட்டச் சட்டையைப் போட்டால்தான் அவன் ஆள். பாரிஸ் கழகத்துக்காரிகளுக்கு மாவட்டம் கிடையாது. அவர்களுக்குக் கழகத்துக்கு மேலே உள்ளது பிரான்ஸ் அணி. சில வருடங்களுக்கு ஒருமுறை உலகமெங்கும் இருந்து அணிகள் அயர்லாந்துக்குப் போய் விளையாடும். அந்தப் போட்டியில் பிரான்ஸ் சட்டையோடு ஒரு ஆட்டமாவது ஆடவேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

பிரான்ஸ் அணியில் முதல் தடவை பெயர் வந்தபோது அவளிடம் இருந்தது அகதிப் பயணப் பத்திரம். அதை வைத்துக்கொண்டு இத்தாலிக்குப் போகலாம், ஜெர்மனிக்குப் போகலாம். அயர்லாந்துக்கு விசா வேண்டும். விசா வந்தது, போட்டி முடிந்த அடுத்த கிழமை. அன்றைக்கு அவள் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். தபாலைப் பிரித்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்து, யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்ற பாடத்தைத் தொடர்ந்தாள். எனக்கு அவளுக்காக மனம் நொந்தது அன்றுதான் முதல் தடவை. பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தாள். எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தால் கொரோனா வந்து அடுத்த போட்டியைத் தின்றது. மூன்றாவது தடவை பெயர் வந்தபோது அணியிலேயே வயது கூடியவள் அவள்தான். "இனி என்னை எடுக்க மாட்டினம் அண்ணை. இதுதான் கடைசி" என்றாள்.

அந்தக் கிழமையில்தான் சஞ்சீவனுக்குக் கலியாணம் வைத்தார்கள்.

பொம்பிளை சாம்பவி, பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக வேலை. நல்ல பிள்ளை. கலியாணம் நடத்திவைக்கும் கோயில் ஐயர் குறித்த நாள் ஞாயிற்றுக்கிழமை. தாலிக்குப் பொன்னுருக்குவது அதற்கு முதல் திங்கள். போட்டி செவ்வாய் தொடங்கி வெள்ளி முடிகிறது. நான் கத்தோலிக்கன், எங்கள் கோயிலில் மோதிரம் மாற்றி, கையெழுத்து வைத்தால் காரியம் முடிந்தது. இவர்கள் கலியாணத்தில் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு ஆள் இருக்கிறது. தாலி கட்டும்போது பொம்பிளைக்குப் பின்னால் தோழியாக நிற்கவேண்டியது மாப்பிள்ளையின் சகோதரி. தாலி என்றால் நூலில் கோத்த தாலி இல்லை. யாழ்ப்பாணத்துத் தாலிக்கொடி தடித்த பவுண் சங்கிலி. அதன் பின்பக்கத்தில் சுரை என்று ஒரு சின்னத் திருகாணி. மாப்பிள்ளை கொடியைக் கழுத்தில் போட்டுப் பிடிக்க, தோழி பொம்பிளையின் கொண்டையை விலக்கி, அந்தச் சுரையைத் திருகி இறுக்க உதவவேண்டும். சஞ்சீவனுக்கு இருக்கிற ஒரே சகோதரி சுபாங்கி.

"வெள்ளி முடியுது, சனி வந்திடுவன், ஞாயிறு தானே கலியாணம்" என்றாள் மகள்.

"பொன் உருக்கின பிறகு வீட்டுச் சனம் கடல் தாண்டிப் போறேல்லை" என்றார் தாய்.

"அது மாப்பிளைக்கும் பொம்பிளைக்கும் தானம்மா."

"நீ மாப்பிளைக்கு ஆர்? பக்கத்து வீடோ?"

சுபாங்கி ஐயரையே கேட்டாள். கேட்பதற்கு அவள் கோயிலுக்குப் போகத் தேவையில்லை. அவர் என் பள்ளியில் அவளிடம்தான் கோட் படித்துக்கொண்டிருந்தார். பலதடவை பெயிலானவர். எந்தக் கேள்விக்கும் தனக்குத்தான் முன்னுரிமை என்று பதில் போடுவார். அவர் தலையைச் சொறிந்து யோசித்து, "பிள்ளை தாராளமாப் போகலாம். கட்டுப்பாடு கட்டுறவைக்குத்தான்" என்றார். புனிதவதி அக்காவிடம் இது எடுபடவில்லை. "அவருக்கு நீ பெர்மி எடுத்துக் குடுக்கப் போறாய். அவர் உனக்கு எதிராச் சொல்லுவாரோ?" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார்.

உண்மையில் அவருக்குப் பயம் கடலும் இல்லை, சாத்திரமும் இல்லை. அதை அவரே பிறகு சொன்னார். "கையைக் காலை முறிச்சுக்கொண்டு வந்தியெண்டா ஆர் சுரை பூட்டிறது? நானூறு சனம் பாத்துக்கொண்டிருக்கும்." சஞ்சீவன் தமிழை விளங்கிக்கொள்வான், பதில் பிரெஞ்சில்தான் சொல்வான். "அக்கா போகட்டும், அவவுக்குப் பதிலா நான் வீட்டை விட்டு வெளியிலை போகேல்லை" என்று பிரெஞ்சில் சொன்னான். பொன்னம்பலத்தார் வழக்கம்போலத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். கடைசியில் சுபாங்கி தாயின் முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "பத்து விரலோடையும் வருவன். சத்தியமா" என்றாள். புனிதவதி அக்கா எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அவளோடு பேசவும் இல்லை. பொன் உருக்கியபோது பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். படங்களில் அது நன்றாகத் தெரிகிறது, ஒருவர் இடது பக்கம் பார்க்கிறார், மற்றவர் வலது பக்கம்.

செவ்வாய்க்கிழமை எனக்குப் போனில் செய்தி வந்தது. "மழை. வாங்கிலை இருக்கிறன்." ஆட இறக்காதவர்களை இருத்திவைக்கும் ஓரத்துப் பெஞ்சுதான் வாங்கு. பயிற்சியாளர் யோன் பிரான்சின் மேற்குக் கரைப் பிரெத்தோன்காரன், இளம் பிள்ளைகளின் ஓட்டத்தில் அவனுக்கு நம்பிக்கை. புதன்கிழமையும் வாங்கு. வியாழக்கிழமையும் வாங்கு, இரண்டு ஆட்டத்திலும். "சட்டை போட்டிருக்கிறன் அண்ணை, மேலே மழைக்கோட்டு" என்று எழுதினாள். நான் என்ன பதில் எழுதுவது? ஐயர் கோட்டில் திரும்பவும் பெயில் என்று எழுதினேன். இவ்வளவு சண்டை பிடித்து, தாயோடு பேச்சும் இல்லாமல், வாங்கைச் சூடாக்கத்தான் போனாளா என்று எனக்குக் கோபம் வந்தது. யோன் பக்கத்தில் இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை இறுதி ஆட்டம். ஸ்பெயினின் கலீசியாப் பகுதியிலிருந்து வந்த பெண்கள் எதிரணி. இரண்டாவது பாதி தொடங்கிச் சற்று நேரத்தில் பிரான்சின் நடுக்களப் பிள்ளை தொடையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டது. யோன் திரும்பிப் பார்த்தான். சுபாங்கி அதற்கு முதலே மழைக்கோட்டைக் கழற்றிவிட்டாள். நீலச் சட்டை.

மிச்சத்தை, ஆட்டம் பார்க்கப் போயிருந்த ஓர்லா எல்லைக்கோட்டில் நின்று போனில் எடுத்திருக்கிறாள். நான் அதைப் பலதடவை பார்த்துவிட்டேன். முதலில் அவள் காணாமல் போகிறாள். இளசுகளின் வேகத்துக்கு அவளால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒரு பந்தை நழுவவிட்டாள். ஒன்றைத் தவறான ஆளுக்குக் கொடுத்தாள். பிரான்ஸ் இரண்டு புள்ளி பின்னால். நேரம் முடியப்போகிறது. அப்போது பிரான்ஸ் கோல் காவலர் உதைத்த பந்து வானத்துக்குப் போகிறது, மழைக்குள் மறைந்து, நடுக்களத்துக்கு இறங்குகிறது. கலீசியாக்காரி ஒருத்தி, நெட்டை, கை முட்டியை மடக்கிக்கொண்டு எழும்புகிறாள். சுபாங்கி கையை விரித்துக்கொண்டு எழும்புகிறாள்.

"மேலை போகேக்கையே கண்டிட்டன் அண்ணை. அந்த முட்டி பந்துக்கு வரேல்லை, என்ரை கைக்கு வருது" என்று பிறகு என்னிடம் சொன்னாள். "அம்மான்ரை முகம் வந்தது. கையை இழுத்திருக்கலாம். ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது. பந்து போனாப் போனதுதானே."

இழுக்கவில்லை. முட்டி விரல்களில் அடிக்கிற சத்தம் காணொளியில் கேட்காது. மழையும் கூச்சலும் கேட்கும். பந்து அவள் நெஞ்சோடு கீழே வருகிறது. ஓடுகிறாள். ஒருத்தியைத் தாண்டி, பந்தை நிலத்தில் அடித்துப் பிடித்து, இடது கையால் குத்தி முன்னால் போன பிள்ளைக்குக் கொடுக்கிறாள். அந்தப் பிள்ளை உதைத்தது தடிக்கு மேலால் போனது. ஒரு புள்ளி. உடனே விசிலும் ஊதிவிட்டது. பிரான்ஸ் ஒரு புள்ளியால் தோற்றது. சுபாங்கி கையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு குனிந்து நிற்பதோடு காணொளி முடிகிறது.

சனிக்கிழமை பின்னேரம் பள்ளிக்குள் வந்தாள். "இண்டைக்கு லீவு இல்லையோ?" என்று நான் பகிடிவிட்டேன். சட்டைப் பையிலிருந்து வலது கையை எடுத்துக் காட்டினாள். இரண்டு விரல், நடுவிரலும் மோதிர விரலும், தகட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தது. ஒன்று முறிவு, மற்றது மூட்டு விலகித் திரும்பப் போட்டது. எனக்குப் பகிடி செத்துப்போனது. றெஜினாதான் யோசனை சொன்னாள்: கலியாணத்தன்று தகட்டைக் கழற்றிவிட்டு, வீக்கம் தெரியாமல் கையெல்லாம் மருதாணி போடுவது. சுரையை இடது கையால் பூட்டுவது. என் வீட்டு மேசையில் இருந்து, என் மகளின் சங்கிலி ஒன்றை வைத்து அவள் இடது கையால் பூட்டிப் பழகினாள். பூட்டவும் வந்தது. மேசையில் வைத்துப் பூட்டுவது சுகம்தான்.

மண்டபம் லா கூர்னெவில், முன்பு சாமான் கிடங்காக இருந்த கட்டடம். தகரக் கூரை தெரியாமல் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். சுபாங்கி மாம்பழ நிறச் சேலையில் பொம்பிளைக்குப் பின்னால் நின்றாள். கையில் மருதாணி, அதற்குமேல் வளையல்கள். றெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டு செபமாலை சொல்லத் தொடங்கினாள். ஐயர் கையைத் தூக்கினார். மேளம் கெட்டியாக அடித்தது. சஞ்சீவன் கொடியைச் சாம்பவியின் கழுத்தில் போட்டான். சனம் அரிசியையும் பூவையும் எறிந்தது. படம் எடுக்கிறவர்கள் ஆளை ஆள் தள்ளினார்கள்.

மேளம் நிற்கவில்லை. கொடி பூட்டினால்தான் நிற்கும். சஞ்சீவன் கொடியை முன்னால் தாங்கிப் பிடித்திருந்தான். சுபாங்கி இடது கையால் சுரையைப் பிடித்தாள். மற்ற முனையைப் பிடிக்க வலது கை வேண்டும், அந்தக் கை மடியவில்லை. ஒருதரம் வழுக்கியது. இன்னொருதரம் வழுக்கியது. எறிந்து முடித்த சனம் பார்க்கத் தொடங்கியது. நாதஸ்வரக்காரர் கன்னம் வெடிக்க ஊதிக்கொண்டே ஐயரைப் பார்த்தார். ஐயர் பிள்ளையாரைப் பார்த்தார். சுபாங்கியின் முகம் வியர்த்துப் போயிருந்தது. கூட்டத்தின் முன்வரிசையில் புனிதவதி அக்கா எழும்பி நின்றுவிட்டார்.

குனிந்திருந்த சாம்பவி தலையைத் தூக்கவில்லை. "மச்சாள், விடுங்கோ. நான் பூட்டுறன்" என்றாள். இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோனாள். பல் வைத்தியரின் சின்னச் சின்ன ஆணிகளோடு நாள் முழுக்க வேலை செய்கிற பிள்ளை. கண்ணால் பார்க்காமல், இரண்டு திருகில், தன் கழுத்துத் தாலிக்கொடியைத் தானே பூட்டிவிட்டுக் கையை மடியில் வைத்தாள். மேளம் நின்றது.

சாப்பாட்டுப் பந்தி தொடங்குவதற்கு முதலே செய்தி லண்டனுக்கும் டொரொண்டோவுக்கும் போய்விட்டது. "தன்ரை தாலியைத் தானே பூட்டினவள்" என்று என் காதுபட மூன்று மேசையில் பேசினார்கள். படப்பிடிப்புக்காரனிடம் அந்த இடத்தை வெட்டச்சொல்லி யாரோ ஒரு பெரியவர் சொல்ல, சாம்பவி வெட்டக்கூடாது என்று ஆள் அனுப்பினாள். சுபாங்கி எங்கள் மேசைக்கு வந்து, ஒரு ஓரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். முன்னால் சோறு. வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள். இடது கையால் சாப்பிட அவளுக்கு மனம் வரவில்லை.

"அம்மாவுக்கு நான் பொய் சொல்லிப்போட்டன் அண்ணை" என்றாள்.

நான் ஏதாவது சொல்வதற்குள் புனிதவதி அக்கா வந்துவிட்டார். பட்டுச் சேலை, கழுத்து நிறைய நகை, முகத்தில் ஒன்றும் இல்லை. றெஜினா எழும்பி இடம் விட்டாள். அக்கா உட்கார்ந்து, மகளின் கையைத் தலைப்புக்குள் இருந்து இழுத்து எடுத்தார். மருதாணிக்குக் கீழே விரல்கள் கறுத்து வீங்கியிருந்தன. அதைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தார். பிறகு அந்தக் கையைத் தன் மடியில் வைத்துவிட்டு, மகளின் தட்டைத் தன் பக்கம் இழுத்து, சோற்றில் பருப்பை விட்டுக் குழைக்கத் தொடங்கினார். நானூறு சனமும் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் கவளத்தை மகளின் வாயில் தீத்தினார். திங்கட்கிழமைக்கு முதலே நின்றுபோன பேச்சு அப்போதுதான் திரும்ப வந்தது.

"வெண்டனீங்களோ?"

"இல்லையம்மா. ஒரு புள்ளியாலை தோத்திட்டம்."

இன்னொரு கவளம். கத்தரிக்காய்க் குழம்பில் மிளகாயை விலக்கிவிட்டார்.

"எப்பிடிப் பட்டது?"

"உயரப் பந்து. பிடிக்கேக்கை ஒருத்தி குத்தினவள்."

அக்கா குழைப்பதை நிறுத்தினார்.

"பந்தைப் பிடிச்சனியோ?"

"பிடிச்சனான்."

"விட்டிட்டியோ?"

"இல்லையம்மா. விடேல்லை."

புனிதவதி அக்கா தலையை ஆட்டினார். அடுத்த கவளத்தை உருட்டி எடுத்தார்.

"அப்ப சரி. ஆவெண்டு."

சுபாங்கி வாயைத் திறந்தாள்.